ஊரின் பெயரும் ஆடியவளின் பெயரும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த அட்டவணை மனப்பாடமாகத் தெரியும். பரதநாட்டியம் தமிழ்நாடு, குச்சிப்புடி ஆந்திரம், ஒடிசி ஒடிசா, கதகளியும் மோகினியாட்டமும் கேரளம், கதக் வட இந்தியா, மணிப்புரி மணிப்பூர், சத்ரியா அஸ்ஸாம். இடப்பக்கம் நடனம், வலப்பக்கம் ஊர். 'பொருத்துக' என்று கேட்டால் எட்டுக்கு எட்டு. 1953இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி செவ்வியல் நடனங்கள் என்று ஏற்றுக்கொண்டவை இவை. கடைசியாகச் சேர்ந்தது சத்ரியா, 2000ஆம் ஆண்டில்.

அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதில் இரண்டே கட்டங்கள்தான் உள்ளன. இவற்றை ஆடியவர்கள் யார், யார் கையிலிருந்து யார் கைக்கு இவை போயின என்று எழுத மூன்றாவது கட்டம் இல்லை. வட்டார மரபு என்று சொல்லும்போது மண்ணே ஆடியதுபோலவும், மண்ணுக்குச் சாதியும் பாலும் இல்லாததுபோலவும் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. பெண்கள் ஆடிய கலை 'எங்கள் மாநிலத்தின் கலை' ஆகும்போது, அந்தப் பெண்கள் அதன் 'தொடக்கம்' என்று ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். தொடங்கிவைத்தவர்களுக்கு மாலை உண்டு, உரிமை கிடையாது.

வரலாறு பெண்களின் பெயரை எழுதிவைக்கவில்லை என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் குறை. நடனத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. பல இடங்களில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை விட்டுவிட்டு எழுதினார்கள். என் அக்கறை இந்த இரண்டாவது செயலைப் பற்றியது.

பெயர் இருந்த இடங்கள்

முதலாம் இராசராசன் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்துப் பெரிய கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைக் குறிப்பிடுகிறது. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, அங்கே இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ வேறிடம் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவுக்குப் போகவேண்டும், அவர்களுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள வேறொருவரை அமர்த்தவேண்டும் என்றும் சொல்கிறது.

இதைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. அரசன் ஆணையால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லாது. அந்தப் பட்டியலைச் செதுக்கவைத்தது மரியாதை என்பதைவிட நிர்வாகம். ஆனாலும் நெல் அளக்கிறவனுக்கு அவர்கள் பெயர் தேவைப்பட்டது. அவர்கள் செய்தது வேலை, வேலைக்குக் கூலி, கூலிக்குக் கணக்கு. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூல், அவர்களில் பலர் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களாகவும் கல்வெட்டுகளில் நிற்பதைக் காட்டுகிறது.

தஞ்சையிலிருந்து லக்னோவுக்கும் எட்டு நூற்றாண்டுகளுக்கு அப்பாலும் போனால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. 1858 முதல் 1877 வரையிலான நகர வரிப் பேரேடுகளைப் பார்த்த வரலாற்றாசிரியர் வீணா தல்வார் ஓல்டன்பர்க், மிக அதிக வருமானப் பிரிவில் வரி கட்டியவர்களிடையே தவாய்ஃப் பெண்களைக் கண்டார். கதக்கின் வரலாற்றை லக்னோ கரானா ஆண்களின் பரம்பரையாகவே படித்த நமக்கு, அந்த ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு சம்பாதித்து, வீடு வாங்கி, வரி கட்டிய பெண்கள் ஒரு வரிப் பேரேட்டில் அகப்படுகிறார்கள்.

மூன்றாவது ஆவணம் ஒரு காவியத்தின் முன்னுரை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' எழுதினாள். காவிய முன்னுரையில் புலவர்கள் தம் குலம் சொல்வது மரபு. அவள் தன் எழுத்தின் வழியைப் பாட்டி, அத்தை என்று பெண்கள் வழியாகச் சொன்னாள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நூலை அச்சிட்ட ஆண் பதிப்பாசிரியர் அந்த முன்னுரையையே விட்டுவிட்டார். சில பாடல்களும் போயின. சுவடியைத் தேடி எடுத்து, விட்டுப்போனதைச் சேர்த்து 1910இல் மறுபதிப்புக் கொண்டுவந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர், இசையும் நடனமும் கற்றவர், திருவையாற்றில் தியாகராசர் சமாதியை எழுப்பியவர். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1947இல்.

கல்வெட்டும் பேரேடும் முன்னுரையும் மூன்றாவது கட்டத்தை ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்தன. அதை அழித்தது 20ஆம் நூற்றாண்டின் 'மறுமலர்ச்சி'.

சதிர், பரதநாட்டியமான கதை

தமிழ்நாட்டுக் கதை ஓரளவு தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1927இல் சென்னைச் சட்ட மன்றத்துக்குள் நுழைந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1929இல் வந்த சட்டத்திருத்தம், கோயில் பணிக்கு ஈடாகத் தாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்தது. இன்னொரு பக்கம், சதிரைக் காப்பாற்றவேண்டும் என்று வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் பேசினார், எழுதினார், பெண் வேடமிட்டு ஆடியும் காட்டினார். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1932 இறுதியில் ரெட்டிக்கும் ஐயருக்கும் பத்திரிகைகளில் கடும் வாதம் நடந்தது. அந்த ஆண்டுகளில்தான் 'சதிர்' என்ற பெயர் இறங்கி, 'பரதநாட்டியம்' என்ற பெயர் ஏறியது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தோன்றியது.

ருக்மிணி தேவிக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளும். ஒருவர் நட்டுவனார், இன்னொருவர் ஆடிய பெண். சமூகவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரை இங்கே ஒரு பிளவைச் சுட்டுகிறது. ஒரே சமூகத்துக்குள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மறுமலர்ச்சி வேறுவேறாக வந்தது. இசை வேளாளர் என்ற புதிய பெயரோடு ஆண்கள் மேல்சாதிப் பெண்களின் மதிப்புக்குரிய குருமார்கள் ஆனார்கள். வீட்டுப் பெண்கள் ஆடுவதை நிறுத்தித் திருமணத்துக்குள் போனார்கள், போகவேண்டியிருந்தது. கலையை ஆணிடமிருந்து கற்றால் அது கல்வி, பெண்ணிடமிருந்து கற்றால் கறை என்றாயிற்று.

விதிவிலக்காக நின்றவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி, ஜயம்மாளின் மகள். பெயரைச் சொல்லும்போதே தாய்வழி சேர்ந்து வருவது தற்செயல் இல்லை. சிருங்காரத்தைக் 'கழுவி' பக்தியாக்கும் போக்கை அவர் ஏற்கவில்லை, அதைக் கழுவ அதில் அழுக்கே இல்லை என்பது அவர் நிலை. 1973இல் சங்கீத கலாநிதி, 1977இல் பத்மவிபூஷண், 1976இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படம் என்று எல்லாம் அவருக்கு வந்தன. அவரைக் காட்டி 'உங்கள் பெண்களுக்கும் மரியாதை கிடைத்ததே' என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் ஒருவர். அவரோடு ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய மற்றவர்கள் எங்கே என்பதுதான் கேள்வி.

சட்டம் சொன்ன 'பெண்'

1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசிச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அதன் வாசகத்தைப் படிப்பவர்கள் குறைவு. அது பொட்டுக்கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. கோயில் வளாகத்திலோ, சாமி ஊர்வலத்திலோ, சாமிக்கு நடக்கும் திருவிழாவிலோ சடங்கிலோ ஒரு பெண் ஆடுவதையே சட்டவிரோதம் என்றது. ஒரு சிறுமியை அர்ப்பணிப்பதும் ஒரு கலைஞர் ஆடுவதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்களாக அங்கே நிற்கின்றன.

சட்டம் தடுத்தது பெண்ணின் ஆட்டத்தை. பெண் வேடமிட்ட ஆணைப் பற்றி அது பேசவில்லை. அன்று கடலோர ஆந்திரமும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. கோதாவரி, கிருஷ்ணா மாவட்டங்களில் கோயிலிலும் ஜமீன்களிலும் ஆடிவந்த கலாவந்துலு பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். அதே கிருஷ்ணா மாவட்டத்தின் குச்சிப்புடி கிராமத்தில் பிராமண ஆண்கள் சத்யபாமாவாக வேடமிட்டு பாமா கலாபம் ஆடினார்கள். அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பாமா கலாபத்தைக் கலாவந்துலு பெண்களும் ஆடியவர்கள்தான். ஒரே நாயகி, ஒரே ஊடல், ஒரே நீண்ட சடை. ஆணின் தோளில் சடை கிடந்தால் மரபு. பெண்ணின் தோளில் கிடந்தால் வழக்கு.

1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, மொழிவழி மாநிலத்துக்கு ஒரு செவ்வியல் நடனம் வேண்டியிருந்தது. கையில் தயாராக, சட்டத்தின் கறை படாமல் இருந்தது குச்சிப்புடி. ஒரு கிராமத்தின், ஒரு சாதியின், ஆண்களின் நாடகம் ஒரு மாநிலத்தின் நடனமானது. வேதாந்தம் சத்யநாராயண சர்மா பெண் வேடத்துக்காகவே நாடெங்கும் புகழ்பெற்றார். அவர் அபாரமான கலைஞர், அதில் எனக்கு மறுப்பில்லை. வெம்பட்டி சின்ன சத்யம் 1963இல் சென்னையில் தொடங்கிய பள்ளி வழியாகப் பெண்கள் பெருமளவில் குச்சிப்புடிக்குள் வந்தார்கள். ஆக, பெண்கள் ஆடக்கூடாது என்பது பிரச்சினையாக இருந்ததே இல்லை. எந்தப் பெண்கள் என்பதே பிரச்சினை. ஹர்ஷிதா மிருதிண்டி காமத் 2019இல் எழுதிய நூல் பெண் வேடத்தின் வழியாகப் பிராமண ஆண்மை எப்படிக் கட்டப்பட்டது என்று ஆராய்கிறது. கலாவந்துலு பெண்கள் தங்கள் ஜாவளிகளையும் பதங்களையும் தங்கள் வீட்டுக்குள் மட்டும் பாடி அபிநயித்து வைத்திருந்ததை தவேஷ் சோனேஜி 2012இல் எழுதினார். கதவைச் சாத்திக்கொண்டு நினைவில் வைத்திருந்த கலை அது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகம். 1981இல் சிதம்பரம் நடராசர் கோயில் வளாகத்தில் நாட்டியாஞ்சலி விழா தொடங்கியது. நல்ல குடும்பத்துப் பெண்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அங்கே ஆடினார்கள், ஆடுகிறார்கள். ஆடட்டும். 1947இன் வாசகத்தை அவர்களுக்கு எதிராக யாரும் எடுத்துப் படிக்கவில்லை. சட்டத்தில் 'பெண்' என்று எழுதியிருந்தாலும் யாரைக் குறித்து எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிழக்கே, மேற்கே

ஒடிசாவில் பெயர்கள் வேறு, நடந்தது அதே. பூரி ஜகந்நாதர் கோயிலில் ஆடிப்பாடியவர்கள் மகரி பெண்கள். கோயிலுக்கு வெளியே பெண் உடை அணிந்து ஆடியவர்கள் கோட்டிபுவா சிறுவர்கள். 1950களின் இறுதியில் அறிஞர்களும் குருமார்களும் ஜயந்திகா என்ற குழுவாகக் கூடி ஒடிசியின் இன்றைய வடிவத்தை வகுத்தார்கள். பங்கஜ் சரண் தாஸ், கேளுசரண் மகாபாத்ர, தேவ பிரசாத் தாஸ், மாயாதர் ராவுத் என்று நாம் அறிந்த குருமார்கள் எல்லோரும் ஆண்கள். பங்கஜ் சரண் தாஸ் மகரி வீட்டில் வளர்ந்தவர் என்பதால் அந்த மரபின் சாயல் உள்ளே வந்தது. மகரிகள் சாட்சிகளாக இருந்தார்கள், தீர்ப்பு எழுதும் இடத்தில் இல்லை. மகரிகளில் கடைசிச் சிலரில் ஒருவரான சசிமணி 2015இல் இறந்தபோது, ஒடிசி உலகெங்கும் அரங்கேறிக்கொண்டிருந்தது.

பூரிக் கோயிலில் 1499இல் பிரதாபருத்ர தேவன் பொறித்த ஆணை ஒன்று உண்டு. கோயிலில் கீத கோவிந்தம் தவிர வேறு பாட்டைப் பாடக்கூடாது என்பது செய்தி. கட்டளை பெறும் குழுக்களில் தெலுங்கக் குழுவும் ஒன்று. பூரியில் தெலுங்குப் பெண்கள், தஞ்சையில் தெலுங்குப் பதங்கள், தஞ்சை நால்வரில் வடிவேலு திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் அவையில். ஆடியவர்களும் ஆட்டுவித்தவர்களும் நடந்துபோன பாதைகளின் மீது 1956இன் மாநில எல்லைகளைப் பின்னோக்கிக் கிழித்தால் 'வட்டார மரபு' கிடைக்கிறது.

அஸ்ஸாமில் கோயில் பெண்களான நடிகளின் ஆட்டம் மங்க, மடத்து ஆண் துறவிகள் வளர்த்த சத்ரியா அகாதெமி பட்டியலில் ஏறியது. கேரளத்தில் 1930இல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் மோகினியாட்டத்தை மேடைக்கு மீட்டது, கலாமண்டலம் கல்யாணிக்குட்டியம்மா அதற்கு உருக்கொடுத்தார். மீட்பின்போது ஏற்றப்பட்ட அடக்கமும் வெண்மையும் இன்று அதன் இயல்பாகவே சொல்லப்படுகின்றன. மணிப்புரி இந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்காது. ஊர்ப் பெண்கள் பக்தியோடு கூடி ஆடும் ராசம் அங்கே இன்னும் ஊருடையதாக இருக்கிறது. அப்படி ஒரு விலக்கு இருப்பதே மற்ற இடங்களில் நடந்தது தவிர்க்க முடியாததல்ல என்று காட்டுகிறது.

மணிமேகலையின் மறுப்பு

இதையெல்லாம் பேசும்போது ஒரு கேள்வி வரும், வரவேண்டும். 'அப்படியென்றால் பொட்டுக்கட்டியது நல்லது என்கிறீர்களா?' சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நடத்தும் வகுப்புகளில் மாணவிகள் இதை வேறு விதமாகக் கேட்பார்கள். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் சோழன் முன் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள் மாதவி. அந்த விலைக்கு மாலை கடைத்தெருவுக்குப் போகிறது. 'பன்னிரண்டு வயது, மேடம்' என்று ஒரு மாணவி சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. வகுப்பு அமைதியானது.

அந்த அமைதியைத் தாண்டிப் போகும் எந்தக் கலை விமர்சனமும் எனக்கு வேண்டாம். மாதவியின் மகளே அந்த வாழ்வை மறுத்துத் துறவு பூண்டாள், பாட்டி சித்திராபதி கோபித்தாள். இந்த வாதம் தமிழில் முதலில் அந்த வீட்டுப் பெண்களுக்கிடையேதான் நடந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டிலும் அப்படித்தான். முத்துலட்சுமி ரெட்டியின் தாய் அந்தச் சமூகத்தவர். அந்த முறைக்குள் தள்ளப்பட்டு வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். மறுபக்கம், எங்கள் தொழிலையும் சொத்துரிமையையும் பறிக்காதீர்கள் என்று மனு எழுதிய தாசிகளும் இருந்தார்கள். இருவரையும் நான் நம்புகிறேன். ஒருவர் உடலைக் காக்கப் பேசினார், மற்றவர் தொழிலைக் காக்கப் பேசினார். இரண்டையும் சேர்த்துக் காக்கும் சட்டம் ஒன்றை எழுத முடியாமலில்லை. சிறுமியை அர்ப்பணிப்பது குற்றம், வளர்ந்த பெண் தன் கலையை ஆடுவது உரிமை என்று பிரித்திருக்கலாம். சீர்திருத்தம் ஆட்டத்தைக் குற்றமாக்கியது. மறுமலர்ச்சி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆடியவளைக் குற்றமாக்கியது. இரண்டு பக்கமும் அவள் இழந்தாள்.

இழப்பு பனுவலுக்குள்ளும் தெரிகிறது. க்ஷேத்ரய்யாவின் பதங்களில் பேசும் கணிகை காதலனிடம் கணக்குக் கேட்பாள், பொய் சொன்னால் சிரிப்பாள், கதவைச் சாத்துவாள். இன்றைய மேடையில் அவள் பரமாத்மாவுக்கு ஏங்கும் ஜீவாத்மா. ஏங்கத் தெரிந்தவளை வைத்துக்கொண்டோம், பேரம் பேசத் தெரிந்தவளை அனுப்பிவிட்டோம். கவிதை எழுதுகிற பெண்ணாக எனக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியவில்லை. 'நான்' என்று பேசும் பெண்குரலில் விருப்பமும் உழைப்பும் சேர்ந்திருந்தன. உழைப்பை எடுத்துவிட்டால் விருப்பம் வெறும் அலங்காரம்.

இனி கேட்கவேண்டியவை

விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய 32 பெண்களில் ஒருவரான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. மற்ற 31 பேரின் பெயர்கள் நம் பாடநூல் எதிலும் இல்லை. இசை வேளாளர் குடும்பத்திலிருந்து வந்த நிருத்யா பிள்ளை, மரபைக் கொண்டாடும் மேடைகளில் அந்த மரபின் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று ஆடியும் எழுதியும் கேட்டுவருகிறார். 2024 மார்ச்சில் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன் என்ற தலித் ஆண் கலைஞரின் நிறத்தைச் சொல்லி மோகினியாட்டத்துக்கு அவர் பொருந்தமாட்டார் என்று இழிவாகப் பேசப்பட்டது. கேரளம் கொதித்தது, கலாமண்டலம் மோகினியாட்ட வகுப்பில் ஆண்களையும் சேர்க்க முடிவெடுத்தது. குச்சிப்புடியின் பிராமண ஆண் பெண் வேடமிட்டால் கலை, தலித் ஆண் மோகினியாட்டம் ஆடினால் அழகுக்குறை. பாலும் சாதியும் எப்போதும் ஒரே தட்டில்தான் நிறுக்கப்படுகின்றன.

நடனம் கற்கும் மாணவிகளிடம் நான் எதையும் விடச் சொல்லமாட்டேன். ஆடுங்கள். பெண் உடலுக்கு இவ்வளவு விரிவான மொழி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் ஒரு பதத்தைக் கற்கும்போது, இயற்றியவர் பெயரோடும் குருவின் பெயரோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். குருவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார், அவருக்கு யார் என்று கேட்டுக்கொண்டே போங்கள். மூன்றாவது நான்காவது கேள்வியில் பெரும்பாலும் ஒரு பெண் வந்து நிற்பாள். அவள் பெயரை அரங்கேற்ற அழைப்பிதழில் அச்சிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்த ஊர், எந்தக் கோயில் என்றாவது போடுங்கள். தஞ்சைக் கல்வெட்டுக்காரன் அவ்வளவு செய்திருக்கிறான்.